இடது காலுக்கு ஒரு பட்டன்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எது நடந்தது, எது நான் சேர்த்தது என்று உங்களுக்குக் குழப்பமாகிவிடும். நடந்தது கொஞ்சம்தான்.

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் போட்டோஸ்டாட் கடைக்கு ஒரு சனிக்கிழமை காலை ஓர் அக்கா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஷிப்ட் முடித்து நேரே வந்த கண்கள். கைப்பேசியிலிருந்து ஒரு வரைபடத்தை அனுப்பி, ஏ-த்ரீ தாளில் எடுத்துத் தரச் சொன்னார்.

"நூறு பெர்சென்ட்லயே அடிம்மா. மிஷின் அதுவா சுருக்கிடும், விட்டுறாத. கொஞ்சம் சின்னதானாலும் கால் தப்பிடும்."

தாளில் ஒரு நீளமான பெட்டியின் மேல்மூடி வந்தது. அதில் வட்டங்கள். வலது பக்கம் ஐந்து, நெருக்கமாக. இடது பக்கம், எல்லாவற்றிலிருந்தும் விலகி, ஒன்றே ஒன்று. அக்கா தாளைக் கடைத் தரையில் விரித்தார். பையிலிருந்து மடித்த மாஜோங் பேப்பர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பள்ளிக்கூடத்தில் குழு வேலைக்கு வாங்குவோமே, அதே பெரிய வெள்ளைத்தாள். அதில் ஓர் ஆணின் வலது பாதத்தை மார்க்கரால் சுற்றி வரைந்திருந்தது.

"இத இடதா ஆக்க முடியுமா?"

எங்கள் மிஷினில் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எடுக்கும் வசதி உண்டு. யாரும் கேட்பதில்லை. எடுத்துக் கொடுத்தேன். அக்கா வலது பாதத்தை ஐந்து வட்டங்களின் மேலும், நான் எடுத்துக் கொடுத்த இடது பாதத்தை அதன் பக்கத்திலும் வைத்தார். ஓர் ஆள் நிற்பதுபோல் இருந்தது. கணுக்காலுக்கு மேலே யாரும் இல்லை. தனியாக இருந்த ஆறாவது வட்டம் இடது பெருவிரலுக்கு அடியில் சரியாக வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா குனிந்தவாக்கிலேயே அந்த வட்டத்தைச் சுட்டுவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

என்ன பெட்டி என்று மட்டும் கேட்டேன். கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதிப்பது என்றார். டிசைனை இன்டர்நெட்டில் போட்டிருப்பதாகவும், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த முகவரி தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

ஏன் இடது பாதத்தையே சுற்றி வரையக் கூடாது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்படியெல்லாம் கேட்க வராது. கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் கிடைத்திருக்கும், இந்தக் கதை இருந்திருக்காது.

(மிஷினில் தவறுதலாக இரண்டு பிரதி அழுத்திவிட்டேன். இரண்டாவது இடது கால் என்னிடம் இருக்கிறது. நான் எழுதும் நோட்டுக்கு அடியில்தான் இப்போதும் வைத்திருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

கிள்ளானில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், அறுந்த கம்பியை மாற்றிக்கொண்டிருந்த முகுந்தனுக்கு

மழையை வைத்துத் தொடங்கினால் எல்லாக் கதையும் ஒரே கதையாகிவிடுகிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கட்டுரை மாதிரி. அதில் ஒரு பத்தியை மட்டும் வைத்துக்கொள்கிறேன், உங்களுக்குத் தேவைப்படும்:

"கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் கிடக்கும் பெட்டிதான் பெடல். அது கிட்டாரின் ஒலியை மாற்றும். ஒருமுறை மீட்டியதைத் திரும்பத் திரும்ப எதிரொலிக்கவும் செய்யும். எதிரொலி எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும் என்பதைக் காலால் தட்டிச் சொல்லலாம். பாட்டின் ஓட்டத்துக்கு நாலு தட்டு. பெடல் அதைப் பிடித்துக்கொள்ளும். மிடி என்று ஒன்று இருக்கிறது. அது ஒலி அல்ல, ஒரு கருவி இன்னொரு கருவிக்குப் போடும் உத்தரவு. ஒரு பெட்டியை மிதித்தால் மேடையில் இருக்கும் மற்ற கருவிகளும் அதன் சொல் கேட்கும்."

மூன்றாவது தொடக்கம் ஒரே வரி. "கால் போன பிறகு தாளம் எங்கே போகிறது?" வேறு யாரோ சாமர்த்தியமாகக் கேட்டதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். அடித்த பிறகும் அதுதான் மண்டைக்குள் இருந்தது.

பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். கடைக்கு வந்தவரை 'அக்கா', 'அவர்' என்று எழுதும்வரை கதை நின்ற இடத்திலேயே நின்றது. உஷாராணி என்று பெயர் வைத்து 'அவள்' என்று மாற்றியதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாதத்தின் சொந்தக்காரனை முதலில் கணவனாக வைத்தேன். கணவன் என்றால் வேறு சண்டைகள் உள்ளே வந்துவிடுகின்றன. அண்ணனாக்கினேன்.

3

உஷாராணி சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தாள். வரிசையில் வரும் மின்சுற்றுப் போர்டுகளைச் சோதனை மேடையில் வைத்து அழுத்துவாள். பச்சை எரிந்தால் இந்தத் தட்டு, சிவப்பு எரிந்தால் அந்தத் தட்டு. சந்தேகமானதை வைக்க மூன்றாவது தட்டு கிடையாது.

அவள் அண்ணன் முகுந்தன் கிள்ளானில் பாலனின் கல்யாணக் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசிப்பவன். செருப்பு வார் உரசிய புண் ஒன்று ஆறாமல், சர்க்கரையோடு சேர்ந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் பிரிக்பீல்ட்ஸில் தங்கையின் ஃபிளாட்டில் இருந்தான். கை நன்றாகவே இருந்தது. ஆனால் அவன் தாளம் தட்டியதெல்லாம் இடது காலில். செயற்கைக் கால் இன்னும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் தட்டிப் பார்த்தான். அது எப்போதும் ஒரு மயிரிழை பிந்தியது. அவனுடைய வலது காலுக்குத் தாளமே தெரியாது. இத்தனை வருஷமாக இடதை நம்பி நின்றுகொண்டிருந்த கால் அது.

ஒருநாள் பாலன் ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றி, டயர் விலையைப் பற்றி, தன் மாமியாரின் கண் ஆபரேஷனைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"மச்சான், உன் கையில ஒரு கொறையும் இல்ல. ஆனா ட்ரம்ஸ் ஓட்டம் பிடிக்கும்போது உன் எக்கோ பின்னால நொண்டுதே லா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் நொண்டுனா பரவால்ல," என்றான் முகுந்தன். "எக்கோ நொண்டக் கூடாது. அதான சொல்ல வந்தீங்க?"

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பாலன் தன் ஏற்பாட்டைச் சொன்னார். அடுத்த மாதம் கிள்ளானில் பெரிய மண்டபத்தில் ஒரு கல்யாணம். அதற்கு முகுந்தன்தான். அன்றைக்கும் எதிரொலி தாளத்தில் நிற்காவிட்டால், ஸ்ரீ கெம்பாங்கானில் கிட்டார் வாசிக்கும் பையன் தனேஷ் தயாராக இருக்கிறான். அதற்கப்புறம் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

(பாலன் மேல் எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. வில்லன்போல வந்துவிடுவாரோ என்று. ரொட்டி சானாய் கொடுத்து அனுப்பியதும் சரியாகிவிட்டார்.)

4

உஷாராணி அண்ணனுக்காக, மிடி உத்தரவு போடும் பெட்டி ஒன்றை வரைய உட்கார்ந்தாள். மற்றவர்கள் திறந்து வைத்த டிசைன்களைப் பார்த்துத்தான் அவள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். அதனால் தன்னுடையதையும் அன்றன்றைக்கே இன்டர்நெட்டில் போட்டாள். வலது காலுக்கு ஐந்து பட்டன்கள்: உட்கார்ந்தபடி, குதிகாலை எடுக்காமல் எட்டும் இடத்தில். தட்டும் பட்டன் நடுவே.

முகுந்தன் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்றான். பிறகு, இடது பக்கம் ஒன்று வேண்டும் என்றான்.

"எங்கண்ணே வைக்கறது?"

"என் கால் இருக்கற எடத்துல."

அவள் நாற்காலிக்குக் கீழே தரையைப் பார்த்தாள்.

"இருக்கு உஷா. எனக்குத் தெரியுது. கால்ல ஈ ஒக்காந்தா கூடத் தெரியுது. டாக்டரே சொன்னாரு, எல்லாருக்கும் அப்டித்தானாம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் தரையில் ஒரு சோடா மூடியை வைத்து நகர்த்தினாள். அங்கே இல்லை, இன்னும் வெளியே, கொஞ்சம் முன்னால் என்று அவன் சொல்லச் சொல்ல நகர்த்தினாள். ஒரு இடத்தில், போதும், பெருவிரலுக்கு அடியில் வந்துவிட்டது என்றான். அவன் கால்சட்டையின் இடது நுனி அந்த மூடிக்கு ஒரு முழம் மேலே முடிச்சிட்டுத் தொங்கியது.

அந்த இடத்தைத்தான் ஆறாவது வட்டமாக வரைந்தாள். மறுநாள், ஒரு சந்தேகத்தில், போட்டோஸ்டாட் கடைக்குப் போய் அண்ணனின் வலது பாதத்தை இடதாக்கிப் பொருத்திப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சோடா மூடியை வைக்கச் சொன்ன இடம் பிசகாமல் இருந்தது.

(அந்தக் கடையில் ஒரு பெண் மிஷினுக்குப் பின்னால் நின்றிருப்பாள். அவளை நான் கதைக்குள் கொண்டுவரவில்லை. அவளுக்கு அங்கே பேச எதுவும் இல்லை.)

5

இப்போது ஒரு விஷயம். இதை நான் சேர்க்கவில்லை; அந்த முகவரியில் போய் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். மின்சுற்று வரைபடம் முதலில் எறும்பு ஊர்ந்ததுபோல்தான் தெரிந்தது. மதிய இடைவேளைகளில் பார்த்துப் பார்த்து, கேட்க ஆளில்லாமல் தேடித் தேடி, இவ்வளவு புரிந்தது: ஐந்து பட்டன்களுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு ரெசிஸ்டர் இருக்கிறது. ஆறாவதுக்கு இல்லை.

நொய்யரிசி அளவுள்ள ஒரு சாமான் அது. பட்டனை யாரும் மிதிக்காதபோது, சிப்பில் அந்தப் பட்டனுக்கான முனையை ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்கும். அது இல்லாமல் முனையைத் திறந்து விட்டால், அந்த முனை 'ஒன்றும் இல்லை' என்று சொல்லாது. காற்றில் இருப்பதையெல்லாம் பிடிக்கும். குழல்விளக்கின் இரைச்சல், பக்கத்தில் நிற்கும் உடம்பு, போகிற வருகிற எதுவும். யாரோ மிதித்ததாக நினைத்துக்கொள்ளும்.

கதைக்குத் திரும்புகிறேன். உஷாராணி அந்த ஆறாவது பட்டனைப் பெட்டியின் மூடியில் பொருத்தினாள். ஆனால் அதற்கு ஒயர் கொடுக்கவில்லை. அண்ணனின் மனசுக்காக வைத்தது. இணைத்து என்ன ஆகப்போகிறது? இணைக்காத பட்டனுக்கு ரெசிஸ்டரும் தேவையில்லை என்று விட்டுவிட்டாள். தினமும் ஆயிரம் போர்டைச் சோதிக்கிறவள் தன் வீட்டுப் போர்டில் செய்த தப்பு அது. மற்றவர்களின் தப்புக்குத்தானே தொழிற்சாலையில் தட்டு வைத்திருக்கிறார்கள்.

கிள்ளானில் டயர் கடைக்கு மேலே இருந்த பாலனின் அறையில் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. உஷாராணியும் கூடப் போய்க் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தாள். முகுந்தன் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தான். ட்ரம்ஸ் ஓட்டம் பிடித்தது. எதிரொலியும் கூடவே ஓடியது. ஒரு மயிரிழை பிசகவில்லை. பாலன் வாசிப்பை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். முகுந்தனின் வலது கால் ஆடாமல் தரையில் இருந்தது. கண்ணை மூடி, முகமெல்லாம் சிரிப்பாக, அவன் தன் இடது காலை

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எப்படி முடித்தாலும் பொய்யாகிறது.)

பெட்டியில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சின்ன விளக்கு இருந்தது. ஆறாவது விளக்கு தாளத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

6

உஷாராணிக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. திறந்து விட்ட முனை, இரைச்சலைப் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரைச்சல் தாளத்தில் வருமா என்ற கேள்விக்கு அவளிடம் தட்டு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் பெட்டியைத் திறந்தாள். முன்னறையில் முகுந்தன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். ரெசிஸ்டரை வைத்து ஈயத்தை உருக்கிச் சோல்டர் செய்தாள். ஈயம் உறைந்து மின்னுவதற்குள் முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

போய்ப் பார்த்தபோது அவன் சோபாவிலிருந்து பாதி சரிந்து, இரண்டு கைகளாலும் ஒன்றுமில்லாத இடத்தைப் பற்றிக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரோ புடிச்சிருக்காங்க உஷா. காலப் புடிச்சு வச்சிருக்காங்க. விடச் சொல்லு."

அவள் சமையலறைக்கு ஓடி ரெசிஸ்டரைச் சூடு காட்டிக் கழற்றினாள். முன்னறை அமைதியானது. திரும்பி வந்தபோது அவன் வியர்த்துப் போய், இல்லாத கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பவன்போல, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

(இங்கே எனக்கு உஷாராணி மேல் சந்தேகம் வந்தது. தங்கையாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். ஆனால் அவள் சோதனைப் பிரிவில் இருப்பவள். ஒருமுறை நடந்ததை அவளால் நம்ப முடியாது. அதனால் நான் எழுத விரும்பாத அடுத்த பத்தியை அவளே எழுத வைத்தாள்.)

இரண்டு நாள் கழித்து அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, அவனிடம் சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, மீண்டும் வைத்துப் பார்த்தாள். குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி விழும் சத்தம் கேட்டது. ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு ஓடினாள்.

7

அந்தப் பக்கத்தில் டிசைனுக்குக் கீழே ஒரே ஒரு ஆள் எழுதியிருக்கிறார். செராஸிலிருந்து. "ஆறாவது பட்டனுக்கு ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது, கவனிக்கவும்." அதன் கீழே பதில், ஒரே சொல்: "தெரியும்." இதுவும் நான் சேர்த்ததில்லை. அந்த ஆளுக்கு ஷாஹுல் ஹமீது என்று பெயர் வைத்தேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், ஓய்வு நேரத்தில் கிட்டார் வாசிப்பவர், உஷாராணியின் டிசைனை அப்படியே பார்த்து ஒரு பெட்டி செய்துகொண்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவது அவர் அனுப்பிய குரல் செய்தி. முழுக்க என் கற்பனை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தெரியும்னு சொல்லிட்டீங்க. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் பெட்டியில ஆறாவது லைட்டு எரிய ஆரம்பிச்சுச்சு. நான் கிட்டாரையே எடுக்கல. சும்மா ஆன்ல கிடந்துச்சு. இரைச்சல்னுதான் நினைச்சேன். ஆனா எண்ண முடியுதுக்கா. ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு எண்ண முடியுது."

விளக்கு மின்னுவதைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தார். உஷாராணி அதையும் கிள்ளான் ஒத்திகையின் பதிவையும் ஒன்றாக ஓடவிட்டாள். ட்ரம்ஸ் எங்கே ஓட்டம் பிடித்ததோ அங்கே செராஸ் விளக்கும் ஓட்டம் பிடித்தது.

அவர் அடுத்ததாகச் சொன்னதை எல்லாம் எழுதப்போவதில்லை. நண்பன் வீட்டுப் பிறந்தநாளில் வாசிக்கும்போது நடுப்பாட்டில் எதிரொலி வேறு எங்கோ ஓடிவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள் என்றார். அதுகூடப் பரவாயில்லை, பெட்டி வைத்திருக்கும் இடத்தில் தரை சூடாக இருக்கிறது, யாரோ வெகுநேரம் நின்றுவிட்டுப் போன மாதிரி என்றார். அதனால் தன் பெட்டியில் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். மரியாதையான மனிதர். திருத்தத்தை முறைப்படி அவளுக்கும் அனுப்பியிருந்தார்.

"நீங்க ஓகே பண்ணா போதுங்க்கா. டவுன்லோட் பண்ற எல்லாருக்கும் சரியா போயிடும்."

அன்று மாலை முகுந்தன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னான். "சுண்டு விரல மட்டும் யாரோ புடிச்சிருக்காங்க, உஷா. வலிக்கல. ஆனா விட மாட்டேங்கறாங்க." செராஸில் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் ரெசிஸ்டர் போட்டிருந்தது.

கல்யாணம் வரும் ஞாயிற்றுக்கிழமை.

8

இங்கேதான் நான் பல நாளாக நிற்கிறேன். எழுதிப் பார்த்த முடிவுகளைக் காட்டுகிறேன்.

முதல் முடிவில் உஷாராணி திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறாள். யார் யாரோ, முகம் தெரியாதவர்கள், தங்கள் தங்கள் மேசையில் நொய்யரிசியைச் சோல்டர் செய்கிறார்கள். மண்டபத்தில் முகுந்தன் உட்கார்ந்து வலது காலால் தட்டுகிறான். மயிரிழை பிந்துகிறது. பாலன் திரும்பிப் பார்க்கவில்லை. தனேஷ் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறான். டிசைன் சரியாகிவிட்டது, பச்சை விளக்கு. முகுந்தனுக்கு அதற்குப் பிறகு இடது பக்கம் வலியும் இல்லை, ஈயும் உட்காருவதில்லை. இதை அடித்துவிட்டேன். அடிக்கும்போது பேனா நன்றாக எழுதியது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவதில் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. மண்டபம் ஆடுகிறது. முகுந்தன் இதுவரை வாசிக்காததுபோல் வாசிக்கிறான், மாப்பிள்ளையின் தாத்தாகூட எழுந்து நிற்கிறார். அதே நேரத்தில் அவளுடைய டிசைனைச் செய்துகொண்ட வீடுகளில் எல்லாம், ஆளில்லாத பெட்டிகளின் ஆறாவது விளக்கு மின்னுகிறது. கச்சேரி முடிந்து முகுந்தன் கிட்டாரை உறையில் வைத்து ஜிப்பை இழுக்கிறான். விளக்கு நிற்கவில்லை. அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவதில் அவள் எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லி, சோல்டர் கம்பியை அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் முகுந்தன் என்ன சொல்வான் என்று காத்துக்கொண்டு இரண்டு மதிய இடைவேளை உட்கார்ந்திருந்தேன். அவன் வாயே திறக்கவில்லை.

அதனால் அக்காவின் டிசைன்போலவே இந்தக் கதையையும் திறந்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்து முடித்துக்கொள்ளலாம். ரெசிஸ்டர் உங்கள் கையில். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பகுதியில் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன், ஞாபகம் இருக்கிறதா? முகுந்தனின் இடது கால். அது எழும்பி, பட்டன்மேல் இறங்கியதைப் பார்த்தீர்கள் அல்லவா? நான் அதை எழுதவே இல்லை. எழுதாமல் திறந்து விட்ட இடத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

இங்கே முடித்து நோட்டை மூடி வைத்திருந்தேன்.

9

இந்த வாரம் அந்த அக்கா திரும்பவும் வந்தார். இது நடந்தது.

கடையில் கூட்டம். விசா பாரம் எடுக்க ஒரு வரிசை, வெளியே ஐந்தடி நடைபாதையில் பார்வையில்லாத ஒரு அங்கிள் வெள்ளைக் கோலால் தட்டிக்கொண்டு போனார். அக்கா வரிசையில் நின்று வந்தார். அதே தொழிற்சாலைச் சட்டை. என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அது நான் எடுத்துக் கொடுத்த இடது கால். மடிப்பு மடிப்பாக, ஓரத்தில் சோல்டர் பட்ட பழுப்புத் துளிகளோடு. பெருவிரலுக்கு அடியில் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது.

"இத வலதா ஆக்கிக் குடும்மா."

நான் யாரையும் எதுவும் கேட்காதவள். அன்று கேட்டேன்.

"அக்கா, வலது கால் ஒரிஜினல் இருந்துச்சே, மாஜோங் பேப்பர்ல. அது தொலைஞ்சிருச்சா? இல்லன்னா புதுசாவே வரைஞ்சுட்டு வரலாமே. இது காப்பிக்குக் காப்பி ஆயிடும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கிறவர்போல அதன் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தார்.

"அதுவும் போயிருச்சும்மா. இனிமே வரைய முடியாது," என்றார். பிறகு, "நூறு பெர்சென்ட்லயே அடி. சுருக்கிறாத."

கூடவே ஒரு பக்கத்தைக் கைப்பேசியிலிருந்து அனுப்பினார், புதிய மின்சுற்று வரைபடம், அதையும் ஒரு பிரதி. இப்போதெல்லாம் எனக்கு அது எறும்புபோல் தெரிவதில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு பட்டன்கள். ஒன்றுக்கும் ரெசிஸ்டர் இல்லை.

தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். மூடியை மூடினேன். அமைப்பில் 'திருப்பி எடு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் விசா பாரக்காரர் செருமினார். பச்சைப் பட்டன்மேல் என் விரல் இருக்கிறது. இன்னும் அழுத்தவில்லை, ஆனால் உள்ளே வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகரத் தொடங்கிவிட்டது. தாள் வரும் தட்டுக்குக் கீழே, கடைத் தரையில், யாரோ காலால் மெதுவாக, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று